வேண்டாமென்று சொல்ல முடியாத டீ

எங்கள் பொம்மைக் கம்பெனியில் கல்யாணமான பெண் ஒருத்தி டீ வேண்டாமென்றால், தண்டோரா போட்ட மாதிரி. காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை கேனில் டீ வரும். களிமண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேப்பர் கப்பை நீட்டுவோம். நீட்டாதவளிடம், "என்னாடி, எத்தினி மாசம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கப்பில் ஊற்றுவார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கும் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

என் தங்கை எனக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, மோல்டிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டுவாள். முதல் தடவை உண்டானபோது எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அது தங்கவில்லை. ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தே அவளைப் பாதியாக்கிவிட்டார்கள். இரண்டாவது தடவை, பெண்ணாடத்திலிருந்து அவள் மாமியார் வந்து, மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேறு சொன்னார். "காபியில மட்டும் இல்லம்மா. டீ, கோலா, சாக்லேட்டு எல்லாத்துலயும் கஃபீன் இருக்குது. கொறைச்சுக்கோங்க. ஒண்ணு ரெண்டு கப்பு குடிச்சா தப்பில்ல." குறைத்துக்கொள் என்றதை என் தங்கை தொடாதே என்று எடுத்துக்கொண்டாள். காபித்தூள் டப்பா பரணுக்குப் போனது. புருஷன் ஆசையாக வாங்கி வந்த சாக்லேட் பக்கத்து வீட்டுக்குப் போனது. காபி விட்ட தலைவலியில் சுருண்டு கிடந்தாள், ஒரு வாய் கேட்கவில்லை.

கம்பெனியில் மட்டும் கப்பை நீட்டியே ஆக வேண்டும். உதட்டில் வைத்துப் பாவனை காட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது என் கப்பில் ஊற்றிவிடுவாள். இரண்டு பேர் டீயை ஒருத்தியே குடித்தால் என்ன ஆகும்? எனக்கு நெஞ்சு படபடத்தது, ராத்திரித் தூக்கம் போனது. கை நடுங்கி ஒரு யானைப் பொம்மையின் தும்பிக்கையை உடைத்து, சூப்பர்வைசரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இன்னும் நாலு யானையை உடைக்கலாம் போலிருந்தது.

சில நாள் சூப்பர்வைசரம்மா பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவள் குடித்தாக வேண்டும். கசாயம் மாதிரி விழுங்கிவிட்டு, வயிற்றில் கை வைத்துக்கொள்வாள்.

அதுவும் தங்கவில்லை.

"டீயால இல்லம்மா. கரு சரியா உருவாகலன்னா இப்படி ஆவுறது உண்டு. நீங்க குடிச்ச அளவு ஒண்ணும் பண்ணியிருக்காது" என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன். "குடிச்சேனேக்கா" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சில்லை. எனக்கு மாமியார் மேல் கோபம், அந்தக் கேன் மேல் கோபம். ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றித் தானே சொல்வதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடத் துடிக்கும் எங்கள் எல்லோர் மேலும் கோபம்.

காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தோம். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று டீ வந்தது. அவள் கையை நீட்டவில்லை.

"வேணாம்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. "அதான் காய்ச்சலா? சொல்லவே இல்ல பாரு" என்று ஒருத்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி மிட்டாய் எங்கே என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை ஒரு கப்பை எடுத்து நீட்டினாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன், ஊத்துங்க."

அவர்கள் கலைந்து போனார்கள். "குடிக்காத, கீழ வச்சிடு" என்றேன். அவள் சூடு ஆறுவதற்குள் முழுவதையும் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப குடிச்சா யாருக்குக்கா கெடுதல்?"