கட்டுற சம்பளமா, வாங்குற சம்பளமா?

மாதம் பிறக்கிற நாளில் எங்கள் மாடிப்படி கொண்டாட்டமாக இருக்கும். மேல்மாடி அறைகளில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் தடதடவென்று இறங்கி ஓடுவார்கள். எதிர்வீட்டு கிர்ஸ்டனின் மகன் மிக்கெலும் அவர்களில் ஒருவன். அன்றைக்கு மட்டும் அவன் கையில் பேக்கரிப் பை இருக்கும், எனக்கும் ஒரு ரொட்டி கிடைக்கும். "எஸ்யூ வந்துவிட்டது" என்பான். எஸ்யூ என்றால், படிக்கிறவர்களுக்கு டென்மார்க் அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற பணம். திருப்பித் தர வேண்டியதில்லை. போதாதவர்கள் அதற்கு மேல் கடனும் வாங்கிக்கொள்ளலாம். ஓர்ஹூஸ் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பையன் எங்கோ வேலை பார்க்கிறான் போல என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் நாலு வார்த்தை பேசிப் பழகலாமே என்று கிர்ஸ்டனிடம் என் அரைகுறை டேனிஷில், "மிக்கெலின் காலேஜுக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவைத்தேன். டேனிஷில் சம்பளத்துக்கு உள்ள சொல் நம் காதில் ஏறக்குறைய 'லோன்' என்று, கடன் மாதிரியே விழும். அந்த வேடிக்கையில் மயங்கி, அதை எடுத்து வீசியதுதான் வினை. கிர்ஸ்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேராசிரியர்களுக்குச் சம்பளம் நான் ஏன் கொடுக்கவேண்டும்? அரசாங்கம் கொடுக்கிறதே" என்றாள். அவள் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) செய்த அதே தப்பை, கடல் தாண்டி வந்து நானும் செய்திருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குச் சம்பளம் இரண்டு. மில்லில் வாங்குவதும் சம்பளம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவதும் சம்பளம். "சம்பளம் கட்டியாச்சா?" என்று வாத்தியார் கேட்பார். "சம்பளம் போட்டாச்சா?" என்று அம்மா அத்தாவிடம் கேட்பார். எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில், அரசாங்கம் வந்து கேட்டபோதுதான் வந்தது.

அத்தா ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில், நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் இருந்தார். எனக்குக் கிருஷ்ணன்கோவில் பக்கம் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் அந்தப் படிப்புக்குப் போகிற முதல் பெண் நான். கட்ட வேண்டியதைக் கேட்டதும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அரசாங்க உதவித்தொகை ஒரு பங்கு, அரசாங்கமே தருகிற படிப்புக் கடன் ஒரு பங்கு, இரண்டும் கிடைத்தால்தான் படிப்பு. கிடைக்காவிட்டால் மாமா மகனுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிடுவது என்று பெரியவர்கள் தயாராக இருந்தார்கள். கடன் என்றதும் அத்தா தயங்கினார். எங்கள் வீட்டில் வட்டி ஆகாது. "வட்டி கிடையாதுல்ல? நெசமாவே கிடையாதுல்ல?" என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் சலித்துப்போய்த் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

வருமானத்தை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்த நாளில், நான் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அத்தா முகமெல்லாம் சிரிப்பு. "அவரு சம்பளம் எம்புட்டுன்னு கேட்டாரு, நான் ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். நெறையச் சொன்னாத்தான ஏட்டி நெறையத் தருவாக?" என்றார். என்ன சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. காரியம் முடிந்தது என்று அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்துத் தாலுகா ஆபீஸுக்குப் போனால், மனு தள்ளுபடி. வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம். அத்தாவும் நானும் தாசில்தார் மேசைக்கு முன்னால் போய் நின்றோம்.

"இம்புட்டு வாங்குறவருக்குச் சர்க்கார் எதுக்குப் பாய் உதவணும்?" என்றார் குமாஸ்தா.

"யாரு சார் வாங்குறா? எங்க மேனேஜருகூட இம்புட்டு வாங்க மாட்டாரே!" என்றார் அத்தா.

ஆய்வாளரைக் கூப்பிட்டார்கள். மனிதர் நொந்துபோய்விட்டார். "பாய், உங்க வாயால சொன்னதத்தான எழுதுனேன்? வருசச் சம்பளம் எம்புட்டுன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னீகளே!"

"ஆமா, சொன்னேன். பஸ்ஸு, சோறு, படம் வரையுற பலகை, அம்புட்டையும் சேத்துல்ல சொன்னேன்!"

அறையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் பளிச்சென்று விளங்கியது. அதுவரை வெளி ஆண்களுக்கு முன்னால் நான் வாய் திறந்து பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"ஐயா, நீங்க கேட்டது வாங்குற சம்பளம். எங்க அத்தா சொன்னது கட்டுற சம்பளம். அவிய வருமானத்தைச் சொல்லல. என்னையப் படிக்கவைக்க ஆகுற செலவைச் சொல்லிருக்காக."

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். மில் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, மறுபடி விசாரித்து எழுதச் சொன்னார். வாசல்வரை வந்த ஆய்வாளர், "எம் மவனுக்கும் நாளைக்குச் சம்பளம் கட்டணும்மா. காலையிலகூட வீட்ல அதே பேச்சு. இருந்தும் எனக்குப் புத்தி போகல பாரு" என்றார். அத்தா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

உதவித்தொகை வந்தது. கடனும் வந்தது. காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாலு வருடம் போய்வந்தேன். முதல் நாள் தெருமுனையில் பஸ் ஏறும்போது, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த அத்தா தலையில் பஞ்சுத்தூசியோடு நின்று கையாட்டினார். அந்தப் பெருமையை நான் இன்றுவரை எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தோம். நானும் ஒரு காற்றாலைக் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கே மிக்கெல் தன் அப்பனின் வருமானத்தை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொன்றும் குத்துகிறது. என் ஊர்க்காரர்கள் கட்டிய வரியில் படித்தவள் நான். என் வரியிலோ மிக்கெல் படிக்கிறான். என்னால் முடிந்தது அந்தக் கடனை ஒரு தவணை தவறாமல் அடைப்பது. இங்கிருந்து அனுப்புவேன், அத்தா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கருவூலத்தில் கட்டிவிட்டு வருவார்.

போன மாதம் எஸ்டிடி பூத்துக்கு அவரை வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சிருச்சு தாயி! கடைசித் தவணையும் கட்டியாச்சு. அந்தாளு முத்திரை குத்துன சத்தம் எம்புட்டு சொகமா இருந்துச்சு தெரியுமா? இன்னொருக்கா குத்துங்கன்னு கேக்கலாமான்னு பாத்தேன்."

பேச்சை மாற்ற மிக்கெலைப் பற்றிச் சொன்னேன். "அத்தா, இங்க படிக்கிற புள்ளைகளுக்குச் சர்க்காரே மாசாமாசம் சம்பளம் கொடுக்குது."

அத்தா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கட்டுற சம்பளமா, வாங்குற சம்பளமா? மொதல்ல அதத் தெளிவாச் சொல்லு. திரும்பவும் என்னைய மாட்டிவிட்றாத."

இரண்டு பேரும் பேச முடியாமல் சிரித்தோம். இந்தக் கதையைக் கிர்ஸ்டனிடம் சொன்னேன், அவள் மகனிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நேற்று மாதம் பிறந்தது. படியில் தடதடவென்று காலடிச் சத்தம். என் கதவுக்கு வெளியே மிக்கெல் நின்று, "சம்பலம்! சம்பலம்!" என்று கத்தினான். "எங்க அத்தாவே வந்து கேக்குற மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.