பின் சீட்டில் என் கால்

என் வீட்டுக்காரர் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்தால், மனிதர் அணுமின் நிலையத்தையே பிரித்துப் போடப் போகிறார் என்று தோன்றும். அவரையும் குறை சொல்ல முடியாது. கல்பாக்கத்தில் பராமரிப்பு வேலை. அங்கே ஒரு பம்பைத் தொட வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, சுவிட்சை அணைத்து, 'வேலை நடக்கிறது, தொடாதே' என்று அட்டை கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்களாம். வீட்டில் மிக்ஸி ரிப்பேர் என்றாலும் அதே கதைதான். அட்டை கட்டாமல் அவருக்குக் கை ஓடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டை தொங்கியது எங்கள் மோட்டார் சைக்கிளின் ஹாண்டில்பாரில்.

காரணம் நான்தான். தினமும் காலையில் புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். அங்கிருந்து நான் பஸ் பிடித்து திருக்கழுக்குன்றம் பக்கம் என் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். முந்தின வியாழக்கிழமை ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியபோது என் கால் வழுக்கிவிட்டது. ஒரு செருப்பு பறந்து ரோட்டு நடுவில் விழுந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் காலி. வண்டி நின்றதும் இறங்கி, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேன், ஆமா" என்று சொல்லிவிட்டு மிச்ச தூரத்தை நடந்தே போனேன்.

அவர் குனிந்து பார்த்திருக்கிறார். பின் சீட்டுக்கான ஃபுட்ரெஸ்ட் இரண்டும் லொடலொடவென்று ஆடியிருக்கின்றன. எங்கள் ஊரில் ஆடாத ஃபுட்ரெஸ்ட் எது? கடல் காற்று வாசலில் கட்டிய கொடிக்கம்பியையே அரித்துத் தின்றுவிடும். அன்று சாயங்காலமே எனக்குத் தீர்ப்பு வந்தது. "ஸ்பிரிங்கு பூடுச்சி, டீச்சர். மாட்டற பின்னு ஆணியும் தேஞ்சி கீது. ஞாயித்துக்கிழமை நானே மாத்திடறேன்." எனக்குக் கோபம் தணிந்திருந்தால் அவர் என்னை டீச்சர் என்பார். தணியவில்லை என்றாலும், தணியட்டும் என்று டீச்சர் என்பார்.

விஷயம் என்னவென்றால், நான் அந்த ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைப்பதே கிடையாது. புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருகிறவள் நான். என் இரண்டு காலும் இருப்பது இடது பக்கம், புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் போட்ட கம்பிக் கூட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் மேல். கால் வழுக்கியது அந்தத் தகட்டில்தான். இதை நான் அவரிடம் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் என்றால், வீம்பு. பன்னிரண்டு வருஷமாக இவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். சம்பளம் ஏறாதது, ஹெட்மாஸ்டர் முறைத்தது, என் தம்பிக்குப் பெண் பார்த்தது என்று எல்லாக் கதையும் அந்தக் கால் மணி நேரத்தில் இவர் காதில்தான் போகும். வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் பேசத் தெம்பு இருக்காது. அப்படிப்பட்டவருக்கு என் கால் எங்கே இருக்கிறது என்று தெரியுமா, தெரியாதா? தானாகவே கண்டுபிடிக்கட்டும், அதுவரை நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். வெள்ளியும் சனியும் ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க இடிக்கப் போனேன். யாரிடமும் பேசாத அந்தக் கால் மணி நேரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்தே போய்த் திரும்பினோம். வந்ததும் அவர் கைலிக்கு மாறி, வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டையைக் கட்டி, வாசலில் செய்தித்தாளை விரித்தார். அப்புறம் சமையலறைக்குள் போய் என் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க இது? நாளைக்கு இட்லி ஊத்த வாணாமா?"

"சாமான் மாறிப் பூடும், டீச்சர். ஒரு குழிக்கு ஒரு சாமான். கழட்டின வரிசையிலயே திருப்பிப் பூட்டணும்."

முதல் குழியில் வளைந்துபோன பின் ஆணி. இரண்டாவதில் வாஷர். மூன்றாவதில் ஸ்பிரிங் வர வேண்டியது. ஆனால் துருப்பிடித்த ஃபுட்ரெஸ்ட் கட்டையை மண்ணெண்ணெய் விட்டு, ஆணி வைத்து, சுத்தியால் இரண்டு தட்டு தட்டினதும் ஸ்பிரிங் டிங்கென்று எகிறி எங்கோ போய்விட்டது. அரை மணி நேரம் செம்பருத்திச் செடிக்கடியில் தவழ்ந்து தேடினார். எதிர்வீட்டு அக்கா, "இன்னாப்பா, மோதிரம் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்பிரிங் நான் ஊறப்போட்டிருந்த துணி பக்கெட்டில் கிடந்தது. கொஞ்ச நேரம் தேடட்டும் என்று நானும் விட்டு, அப்புறம்தான் எடுத்துக் கொடுத்தேன். மனிதர் அதைத் துடைத்து, பயபக்தியோடு மூன்றாவது குழியில் வைத்தார். புது ஸ்பிரிங்தான் போடப் போகிறீர்களே, பழையதை எதற்கு இப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் புதுசாக, கருகருவென்று ரப்பர் போட்ட ஃபுட்ரெஸ்ட். விரலால் மடக்கிவிட்டால் கிளிக்கென்று நின்றது. என்னதான் இருந்தாலும் வேலை சுத்தம். அட்டையை அவிழ்த்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டைத் தட்டினார்.

"ஏறு டீச்சர். இப்ப இன்னா சொல்றன்னு பாக்கலாம்."

ஏறினேன். எப்போதும் போல ஒருபக்கமாக உட்கார்ந்து, எப்போதும் போலத் தகட்டில் கால் வைத்தேன். அது லேசாகக் கீழே சாய்ந்தது.

"கால அங்க எதுக்கு வெக்கிற? இங்க வெய்யி" என்று புது ஃபுட்ரெஸ்ட்டைக் காட்டினார்.

நான் காத்துக்கொண்டிருந்த நேரம் வந்துவிட்டது. "புடவை கட்டிகினு அதுல எப்டிங்க வெப்பேன்? நீங்களே உக்காந்து பாருங்க" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். கைலியை இறுக்கிக்கொண்டு, என்னைப் போலவே ஒருபக்கமாக, பிடிக்க ஒன்றும் இல்லாமல் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் காலைத் தகட்டில் வைத்துக் கொஞ்சம் அழுத்தினார். தகடு அப்படியே கவிழ்ந்தது. அவர் சறுக்கித் தரையில் நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து தகட்டின் அடியில் கையை விட்டார். இரண்டு போல்ட் இருக்க வேண்டிய இடம். ஒன்று இருந்தது. இன்னொன்று இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒரு போல்ட்டுதான் கீது" என்றார். "இதும் மேலயா கால வெச்சிகினு வந்த?"

தகடு ஆடுவது எனக்குத் தெரியும். ஒற்றை போல்ட்டில் நிற்பது தெரியாது.

"பின்னால லாரி வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றார். சத்தமே இல்லாமல் கேட்டார். விரல் இன்னும் அந்த ஓட்டையில்தான் இருந்தது. என் வீம்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷக் கணக்கு கேட்கலாம் என்று நின்றவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயமாகவும் இருந்தது.

"எத்தினி நாளா ஆடுது?"

மழைக்காலத்துக்கு முன்னாலிருந்து ஆடுகிறது. பொங்கல் போய், முழுப் பரீட்சையும் வந்துவிட்டது. தானாகப் பார்க்கிறாரா என்று ஒவ்வொரு நாளும் கால் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

"வியாழக்கிழமைலேர்ந்துதான்" என்றேன்.

அவர் விரலை வெளியே எடுத்தார். நுனியெல்லாம் கெட்டியாக, பழுப்பாகத் துரு. இரும்போடு பிழைக்கிற மனிதர். அது எத்தனை மாதத்துத் துரு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "சரி, உன் கால எப்டி வெப்பன்னு காட்டு. அளவு எடுத்துக்கறேன்" என்றார்.