டிராகன் குகை, சர்வே எண் 114/2

ஆதிமூலத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று ஊரில் கேட்பார்கள். ஒரு ராஜ்யத்தை மூன்று வருஷம் கட்டி ஆண்டவர் அவர். அதில் நாலு அரசாங்கங்கள் கவிழ்ந்தும் தான் மட்டும் கவிழாமல் உட்கார்ந்திருந்தார். இது எனக்கும் செங்கம் ரோடு லாட்ஜில் தங்கியிருந்த சில வெள்ளைக்காரர்களுக்கும்தான் தெரியும்.

என் பெயர் நசீருதீன். திருவண்ணாமலையில் ஒரு அரசாங்க ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுப்பவன். எந்த ஆபீஸ் என்று எழுதினால் நாளைக்கு அந்த மரத்தடி எனக்கு இருக்காது. ஆகவே ஆபீஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆதிமூலம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஈச்சம்பூண்டி கிராமத்தின் கர்ணம். அவருடைய அப்பா கர்ணம், தாத்தா கர்ணம். எந்த வயல் யாருடையது, எது ஏரிப் புறம்போக்கு, எவன் வரப்பை எவன் வெட்டினான் என்பதெல்லாம் அவர் வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்தது. 1980 நவம்பரில் அரசாங்கம் ஒரு அவசரச் சட்டம் போட்டு, பரம்பரைக் கர்ணங்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது. ரேடியோவைத் திருப்பியபோது அவர் கர்ணம், செய்தி முடிந்தபோது வெறும் ஆதிமூலம்.

அவர் நல்லவரா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு சிட்டா நகலுக்கு ஆறு தடவை நடக்க விடுவார். ஏழாவது தடவை போனால் "நாளைக்கு வாயேன்" என்பார். ஆனால் ஒருத்தன் நிலத்தை இன்னொருத்தன் பேருக்கு மாற்றி எழுதியதே இல்லை. அவரிடம் இருந்தது அந்த ஒரே ஒழுக்கம்தான். அதைப் பத்து ஒழுக்கம் மாதிரி காட்டிக்கொள்வார்.

பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார், ஒரே ஒரு பழைய நிலப் பதிவேட்டைத் தவிர. "கரையான் தின்னுட்டுதுங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனுவை அடித்தவன் நான்தான். பதிவேடு அவர் கக்கத்தில் இருந்ததையும் பார்த்தேன். கரையானுக்கு ஆதிமூலத்தைப் போலவே தாடி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரில் தலைகாட்டப் பிடிக்காமல் டவுனுக்கு வந்தவரை, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜ் நடத்தும் என் மச்சான் ஜானி பாஷாவிடம் மேனேஜராகச் சேர்த்துவிட்டேன். அங்கே தங்கியவர்கள் ஆத்மாவைத் தேடி வந்தவர்கள். காலையில் மும்முரமாகத் தேடுவார்கள். வெயில் ஜாஸ்தி ஆனதும் தேடலை நிறுத்திவிட்டு மாமரத்தடியில் ஆட்டம் போடுவார்கள்.

அது விநோதமான ஆட்டம். சீட்டு கிடையாது, காய் நகர்த்தக் கட்டம் கிடையாது. மார்ட்டின் என்ற இங்கிலீஷ்காரன் ஒரு ராஜ்யத்தைக் கதையாகச் சொல்லுவான். மற்றவர்களில் ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தி மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். "குகைக்குள்ளே போறேன்" என்று ஒருவர் சொன்னால், இருபது முகம் உள்ள பகடைக்காயை உருட்டி, போனது பலித்ததா என்று பார்ப்பார்கள். குகையில் டிராகன் இருக்கும். டிராகன் என்றால் நெருப்புக் கக்கிப் பறக்கும் பெரிய பல்லி. படித்த ஜனங்கள், கப்பலேறி வந்து, நடுப்பகலில் பல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் லாட்ஜுக்குப் போயிருந்த ஒரு நாள், டீ கொண்டுபோன ஆதிமூலம் நின்று கேட்டார். அவருடைய இங்கிலீஷ் முழுக்க மனுவில் கற்றது. "கனம் பொருந்திய ஐயா, தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது என்னவென்றால்" என்று ஆரம்பிக்காமல் அவருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்க வராது. அப்படியே ஆரம்பித்துக் கேட்டார்: இந்த ராஜா வரி வாங்குகிறாரே, எந்த ஊரில் எத்தனை ஏக்கர் நஞ்சை என்று இவருக்கு யார் சொன்னது?

மார்ட்டின் யோசித்தான். ராஜாவுக்கு எல்லாம் தெரியும் என்றான்.

"ராஜாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார் ஆதிமூலம். "நாலு ராஜாவுக்கு நம்ம வீட்டுப் பெட்டி வேலை செஞ்சிருக்குது பாய். நவாபு, கம்பெனிக்காரன், வெள்ளைக்காரன், காங்கிரசு. எவனுக்கும் வரப்பு எங்க இருக்குதுன்னு தெரியாது. சொல்லுங்க இவனுக்கு."

சொன்னேன். மார்ட்டினின் முகத்தில் ஞானம் பிறந்ததை அன்றைக்குப் பார்த்தேன். ஆறு மாசமாக மலையைச் சுற்றியும் கிடைக்காத ஞானம் அது.

அடுத்த வாரமே ராஜ்யத்தின் நிர்வாகம் ஆதிமூலத்தின் கைக்கு வந்தது. விதிகளை அவர் சொல்ல, நான் டைப் அடித்தேன். குகை அரசு புறம்போக்கு. ஆகவே டிராகனைக் கொல்வதற்கு முன்னால் அது ஆக்கிரமிப்பா, அனுபவ பாத்தியதையா என்று முடிவாக வேண்டும். முந்நூறு வருஷமாக அங்கே வசிக்கிறது என்று டிராகன் தரப்பில் வாதம். வாள்வீரன் உள்ளே போக அந்த ராஜ்யத்துக் கர்ணத்தின் சான்று வேண்டும். சான்றுக்கு முந்தைய பதிவின் நகல் வேண்டும். நகல் கர்ணத்திடம். கர்ணம் ஊரில் இல்லை. நாலு பிற்பகல் அவர்கள் கர்ணத்தைத் தேடியே கழித்தார்கள்.

ஹெல்கா என்ற ஜெர்மன்காரி, மந்திரவாதி, ஐந்தாம் நாள் பொறுமையிழந்து கர்ணத்தை எரித்துவிட்டாள். பகடையில் இருபது விழுந்தது, கர்ணம் சாம்பல். ஆதிமூலம் அலட்டிக்கொள்ளவே இல்லை. இனி எந்த வயல் யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்றார். ஒரு வாரத்தில் ராஜ்யத்தில் பஞ்சம், வரப்புச் சண்டை, பதினேழு கொலை. மந்திரம் போட்டுக் கர்ணத்துக்கு உயிர் கொடுத்தாள் ஹெல்கா.

அப்புறம் அவர்கள் தங்கள் தேசத்துச் சரக்கையெல்லாம் இறக்கினார்கள். ராஜாவைத் துரத்திவிட்டுக் குடியரசு வைத்தார்கள். குடியரசைத் தள்ளிவிட்டுத் தொழிலாளர் ஆட்சி. பிறகு ஒரு தளபதி. கடைசியில் தேர்தல் வைத்து மக்களாட்சி. ஆட்சிக்கு வந்த ஒவ்வொருத்தரும் போட்ட முதல் உத்தரவு ஒன்றுதான்: கர்ணத்தைக் கூப்பிடு. ஆதிமூலம் கர்ணமாக வருவார், பணிவாக நிற்பார், "நாளைக்கு வாங்களேன்" என்பார். இழந்த பதவியை மாமரத்தடியில் மீட்டுவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் வழியும். பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அந்த ராஜ்யத்துக்கு நிலம் வேண்டுமே? ஆதிமூலத்துக்குத் தெரிந்த பூமி ஒன்றுதான். கரையான் தின்ற பதிவேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஈச்சம்பூண்டியின் ஏரி ராஜ்யத்தின் சமுத்திரமானது, மாரியம்மன் கோயில் மேடு கோட்டையானது. குகைக்கும் ஊரின் ஒரு சர்வே எண்ணைப் பார்த்துக் கொடுத்து, அதற்கு எதிரே குறிப்புக் கலத்தில் எழுதினார். மையில் எழுதினார். "பென்சில்ல எழுதுங்கண்ணே, அப்புறம் அழிச்சிக்கலாம்" என்று நான் சொன்னதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பென்சில்ல எழுதுறது கணக்கா பாய்? கர்ணம் கையில பென்சிலைப் பாத்திருக்கீங்களா?"

1983இல், பழைய கர்ணங்களில் படித்தவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆதிமூலம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. அன்றைக்கே மனு அடிக்கச் சொன்னார். பதிவேடுகள் பாக்கியில்லாமல் ஒப்படைத்ததற்குச் சான்று வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. உடனே கரையான் வயிற்றிலிருந்து பதிவேடு வெளியே வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, பிளேடால் குறிப்புக் கலத்தைச் சுரண்டிக் கோட்டையையும் சமுத்திரத்தையும் அழித்தார். சுரண்டுவதில் கர்ணத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஹெல்கா ஒரு நாள் ரொட்டியும் தேனுமாக ஆட்டத்தில் உட்கார்ந்திருந்ததில் இரண்டு பக்கம் ஒட்டிப்போயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஈச்சம்பூண்டிக்குப் புதிதாக வந்திருந்த கிராம நிர்வாக அலுவலர் வேணு, இருபத்துநாலு வயது, பி.எஸ்ஸி., பொறுமைசாலி. ஆதிமூலம் ஒப்படைத்த பதிவேட்டில் ஒட்டியிருந்த பக்கத்தை ஈரத் துணி வைத்துப் பிரித்தார். "114/2. பறக்கும் மிருகம் வசிக்கும் குகை. அரசு புறம்போக்கு. எவருக்கும் பாத்தியம் இல்லை" என்று முத்துமுத்தான கையெழுத்து. மிருகத்தைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லாததால் அதை விட்டுவிட்டு, பெயர்க் கலத்தைவிடக் கடைசியாக எழுதிய குறிப்பே செல்லும் என்று மற்றதைப் புதுப் பதிவேட்டில் அப்படியே ஏற்றிவிட்டார். நேர்மையான பிள்ளை.

அடுத்த வருஷம் வெள்ளையம்மாள் என் மரத்தடிக்கு வந்தாள். ஈச்சம்பூண்டிக்காரி, புருஷன் இல்லை, ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தாள். கிணறு வெட்டி, மோட்டார் இறக்கிவிட்டாள். கரண்டு வாங்க நிலச் சான்று கேட்டிருக்கிறார்கள்.

"இன்னா பாய் இது? அந்த நெலம் எனுக்கு இல்லையாம், கெவுருமெண்டுதாம். அந்தப் புள்ள நோட்டைத் தொறந்து காட்டுது. கெணத்துல தண்ணி கீது, மேல ஏத்த வழியில்ல. செடி வாடுது."

"எந்த சர்வே எண்ணும்மா?"

"நூத்திப் பதினாலுல ரெண்டு."

ஆட்டத்துக் குகைக்காக அந்த எண்ணை நான் நூறு தடவை அடித்திருக்கிறேன்.

நேரே லாட்ஜுக்குப் போய் ஆதிமூலத்திடம் சொன்னேன். முகம் வெளிறிப்போயிற்று. பிறகு பழைய கர்ணத்தின் குரலில், "மனு போடச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றார்.

"நீங்க எழுதினதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே சரியாயிடும்ணே."

"லிஸ்ட்ல என் பேரு வந்திருக்குது பாய். உத்தரவு வரணும், அவ்ளோதான். இந்த நேரத்துல பதிவேட்டைத் திருத்தினேன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

மனு போட்டோம். ஆபீசில் முந்தைய பதிவின் நகல் கேட்டார்கள். நகல் வேணுவிடம். வேணு ஆபீசின் உத்தரவைக் கேட்டார். மார்ட்டின் கூட்டம் நாலு பிற்பகல் பட்ட பாட்டை வெள்ளையம்மாள் நாலு மாசம் பட்டாள். அவளுக்குப் பகடைக்காய்கூட யாரும் கொடுக்கவில்லை. மல்லாட்டை காய்ந்தே போயிற்று. அவள் அதைச் சொல்லி அழாமல், அடுத்த மனுவுக்குத் தாள் எடுக்கச் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவள் நடந்தே லாட்ஜுக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். மாமரத்தடியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆதிமூலம் நாற்காலியில் ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் ஆண்ட காலத்தில் அவளுக்காக எழுந்ததில்லை.

"மிருகம் இருக்குதுன்னு எழுதினியாமே கர்ணம்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "பதினேழு வருசமா அந்த நெலத்துல நான் ஒருத்திதான் கீறேன். காளை செத்த வருசம் ஏரை நானே இழுத்தேன், உனுக்கே தெரியும். மிருகம்னு எழுதினா என் பேரைத்தான் எழுதணும். எழுதினது எழுதின, அதை எம்பேர்ல எழுதியிருக்கக் கூடாதா?"

என்ன சொல்கிறாள் என்று மார்ட்டின் என்னைக் கேட்டான். சொன்னேன். ஹெல்கா கையிலிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் முன்பே ஆதிமூலம் என் மரத்தடியில் நின்றார். "அடிங்க பாய்" என்றார். கரையான் முதல் தேன் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். "இது என் கையெழுத்து, விளையாட்டுக்காக எழுதியது, நிலம் வெள்ளையம்மாளுடையது" என்று முடித்தேன். "தாழ்மையுடன்" என்ற வார்த்தையை அவரே சேர்க்கச் சொன்னார்.

உள்ளே அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இன்னாய்யா இது, பறக்கும் மிருகம்? கெவுர்மெண்டைக் கிண்டல் பண்றியா?"

"இல்லீங்க ஐயா. கிண்டல்னா குறிப்புக் கலத்துல எழுத மாட்டேங்க."

ஜாடிக்கேற்ற மூடி மாதிரி இரண்டு உத்தரவும் ஒரே வாரத்தில் வந்தன. 114/2 வெள்ளையம்மாள் பேருக்குத் திருத்தப்பட்டது. ஆதிமூலத்தின் பேர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. நாலு மாசமாக நகராத ஆபீஸ், ஒருத்தரைக் கழிக்க வேண்டும் என்றதும் எத்தனை சுறுசுறுப்பு! அடுத்த பட்டத்து விதைப்புக்கு வெள்ளையம்மாள் கிணற்றில் மோட்டார் ஓடியது. அவருக்கு அவள் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அறுவடை முடிந்ததும் ஒரு மரக்கால் மல்லாட்டையை லாட்ஜ் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதை வறுத்துத் தின்றது வெள்ளைக்காரர்கள்தான்.

கொஞ்ச நாள் கழித்து மார்ட்டின் ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்தான். குகையும் டிராகனும் என்ன ஆயிற்று என்று ஆதிமூலத்தைக் கேட்டான்.

"அது பட்டா நிலம், ஐயா. மிருகத்துக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது" என்றார் தன் மனு இங்கிலீஷில். புதிதாக வாங்கிய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டார். டிராகனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார், அதை எடுக்கவில்லை.

"பாய், உங்ககிட்ட பென்சில் இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.