மூன்றாவது எண்

என் கணவர் திருமலை ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்து, அங்கேயே ஃபைபர் படகு ஓட்டி, போன மாதம் நாற்பத்தாறு வயதில் மார்வலி வந்து கரையில் விழுந்தவர், எழவில்லை. அவரை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அவருடைய உள்ளங்கை. அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய எண்கள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கினார். கடலடியில் பாறை இருக்கும் இடத்துக்கு ‘பார்’ என்று பெயர். களவா மீன் அங்கேதான் ஒதுங்கும். ஒரு நாள் தூண்டிலில் அடுத்தடுத்து களவாவாக ஏறியது. யாருக்கும் தெரியாத பார். நாலு வீட்டு அகலம்தான் இருக்கும் என்றார். கருவி காட்டிய எண்களைக் கையில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

"நோட்டுல ஏத்துமே. தண்ணி பட்டா பூடும்."

நான் பி.எஸ்ஸி. வேதியியல். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலை. அங்கே எந்த அளவையும் புள்ளிக்குப் பிறகு ஒரே எண் வருமாறு முழுமையாக்கி எழுதி நிறுத்திவிடுவோம். கை அப்படியே பழகியிருந்தது. வடக்கு 13 டிகிரி 11.8 மினிட். கிழக்கு 80 டிகிரி 24.1 மினிட். கோடு போட்டு அழகாக எழுதினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

இடம் கருவியிலேயே பதிந்திருந்ததால், அது வேலை செய்தவரை நோட்டை யாரும் தேடவில்லை. மறு வருட மழைக்காலத்தில் கருவிக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி, என் நோட்டிலிருந்த எண்களை அதில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று ஐஸ் பெட்டி காலியாகத் திரும்பியது. கூடப் போயிருந்த அவருடைய பெரியப்பா மகன் கோதண்டம் வாசலிலேயே ஆரம்பித்தான்.

"டிகிரி படிச்ச அண்ணி கடலயே சுருக்கி எழுதிட்டாங்கோ!"

அவர் நோட்டை நீட்டினார். "இன்னாமே இது? புள்ளிக்கு அப்பால மூணு நம்பரு இருந்துச்சே. மிச்சத்த இன்னா பண்ண?"

"மிச்சம்லாம் ரொம்பச் சின்னதுய்யா. அதனால ஒண்ணும் ஆவாது."

"சின்னதா? கடைசி நம்பரு ஒண்ணு மாறங்காட்டியும் போட்டு எம்மாந்தூரம் போவுது தெரியுமா? ஒரு பாகம்."

எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு விரல்நுனி பீரோவைத் தொட்டது, இன்னொன்று கதவை. கயிறு விட்டு ஆழம் பார்க்கும்போது அவர்கள் அளப்பது அந்த அளவால்தான்.

கடைசி எண் ஒரு பாகம் என்றால் நடு எண் பத்து பாகம். புள்ளியை ஒட்டியது நூறு. நான் பேனாவால் ஒதுக்கித் தள்ளியது எத்தனை பெரிய தண்ணீர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பார் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார்.

எனக்கு வேறொன்று தோன்றியது. 11.8 என்று நான் முடித்திருந்தால், அசல் எண் 11.750-க்குக் குறைந்திருக்காது, 11.850-ஐத் தொட்டிருக்காது. 24.1-க்கும் அதே கணக்கு. நோட்டில் ஒரு சதுரம் போட்டேன்.

"நூறு பாகத்துக்கு நூறு பாகம். இதுக்குள்ளதான் இருக்கணும். வெளிய தேடாத."

கோதண்டம் எட்டிப் பார்த்தான். "இந்தக் கட்டமாவது நெசமா அண்ணி? இல்ல இதுவும் சுருக்கினதா?"

மூன்று நாள் அந்தச் சதுரத்துக்குள்ளேயே, பத்து பாகத்துக்கு ஒரு கோடாக, குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாயந்திரம் அவர் சிரித்துக்கொண்டே உள்ளங்கையைக் காட்டினார். 11.847. 24.062. நான் எழுதியதிலிருந்து வடக்கே நாற்பத்தேழு பாகம், மேற்கே முப்பத்தெட்டு. நோட்டில் எழுதி இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் கையைக் கழுவினார்.

அதன் பிறகு எத்தனையோ வருடம் அதையே சொல்லிக் கிண்டல் செய்தார்.

"டீக்குச் சக்கர எம்மாம் போட்ட?"

"ஒரு ஸ்பூன்."

"புள்ளிக்கு அப்பால?"

அஸ்தி கரைக்கப் போன அன்று நோட்டில் அந்தப் பாரின் எண்கள் இருந்த பக்கத்தைக் கிழித்துக் கோதண்டத்திடம் கொடுத்தேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் போட்டில் ஏறும் வழக்கமில்லை.

"கிட்டத்தட்ட போயி கரைச்சா போதும் அண்ணி. எல்லாம் ஒரே கடலுதானே."

"கடைசி நம்பர் வரைக்கும் போ, கோதண்டம்."

கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு வந்தான். கருவியைப் படம் பிடித்து வந்திருந்தான். போனை நீட்டினான். 11.847. 24.063.

"நாலு தபா சுத்தினேன் அண்ணி. நீரோட்டத்துல போட்டு நிக்கல. கலயத்த வுடறப்போ ஒண்ணு தள்ளிடுச்சு."

"எவ்ளோ தள்ளி?"

கோதண்டம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"போதும்," என்றேன்.