திரு போட்ட அண்ணன்

நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டியில் கணக்கும் கடிதமும் பார்ப்பவள் சாரதாமணி. யாருடைய பேரையும் மொட்டையாக எழுதக் கை கூசும் அவளுக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் முகவரிகளைச் சேர்த்து வைத்திருக்கிற பட்டியலில்கூட, முட்டை வாங்கும் வியாபாரிகள் அத்தனை பேரும் 'திரு'வோடுதான் நின்றார்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் திரு கிடையாது. கூடப் பிறந்த சென்னிமலை, போர்வெல் வண்டியோடு ராய்ப்பூர்ப் பக்கம் இருப்பவர். அவரை 'அண்ணன்' என்றே போட்டிருந்தாள். அவள் மகள் கயல்விழி பெரியவளான சீர் அன்று, வண்டி வேலை இழுத்துவிட்டதால், அவர் தாய்மாமன் தட்டோடு வந்து சேரும்போது பந்தலே காலியாகிக்கொண்டிருந்தது. "ஏனுங்ணா, இன்னும் ரெண்டு போர் போட்டுட்டு வந்திருக்கலாமுங்களே" என்று மிச்சமிருந்த சனத்தின் முன்னால் கேட்டுவிட்டாள். அவர் சோற்றில் கை நனைக்காமல் திரும்பிப் போனார். மறுநாள் ஆத்திரத்தில் 'அண்ணன்' என்பதை அழித்து 'திரு. சென்னிமலை' ஆக்கினாள். மரியாதை கொடுத்தே ஒருவரைத் தள்ளி வைக்க நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

இப்போது கயல்விழிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் என்ன கல்யாணம்? போன் போட வாய் வரவில்லை. ஆபீஸில் ஆளில்லாத நேரத்தில் மெயில் எழுதினாள். கம்ப்யூட்டர் புதிது, முகவரிக் கட்டத்தில் 'திரு' என்று தட்டியதுமே மீதியை அதுவே போட்டுக்கொண்டது. கண்ணில் தண்ணீர் நிற்க, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

பதிலே இல்லை. கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் வைதுகொண்டே பத்திரிகைக்கு மஞ்சள் தடவினாள்.

இதற்கிடையே வியாபாரிகள் வேறு, அவள் தினமும் அனுப்பும் முட்டை விலை மெயில் வரவில்லை என்று முதலாளியிடம் குறைப்பட்டார்கள். அவள் இன்டர்நெட்டைச் சந்தேகப்பட்டாள், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி அன்பரசு போனில் வந்தார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் போற வெல மெயிலு எனக்கே வந்து குமியுது. அது கெடக்கட்டும். 'அண்ணா, நீங்க வராம என் புள்ளைய மணவறையில உக்கார வெக்க மாட்டேன்'னு எழுதியிருக்கீங்க. படிச்சுட்டு எனக்கே அழுகை வந்துருச்சு. வர்றதுக்கென்ன, வந்தரலாம். தாய்மாமன் சீருக்கு என்ன எடுக்கோணும்னு வீட்ல கேக்கறாங்க."

சாரதாமணி தான் அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தாள். திரு என்று தட்டினால், வரிசையில் முதலில் நிற்கும் திரு. அன்பரசுவை இந்தக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது. மெயிலே கைக்குக் கிடைக்காத அண்ணனையா இத்தனை நாள் வைதோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே ஒவ்வொரு பேருக்கும் முன்னால் இருந்த திருவை எடுத்தாள். அப்படியே விட மனம் வராமல், பேருக்குப் பின்னால் 'அவர்கள்' சேர்த்தாள். சென்னிமலையிடம் வந்தபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'அண்ணன்' என்று அடித்தாள். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து, அதே மெயிலை மறுபடி அனுப்பினாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது. வண்டி ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல்.

"ஏன் அம்மணி, நாளைக்கே பொறப்படறேன். இந்த வாட்டி வந்தா சோறு போடுவியா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் வந்து நின்று, அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

"போடறேனுங்ணா."