பதினான்காம் இலக்கம் அமெரிக்கா போன கதை

என் மகன் படிக்கும் பல்கலைக்கழகத்தில் விளையாட்டரங்கின் பழைய மரத்தரையைக் கழற்றிவிட்டுப் புதிது போடப்போகிறார்கள். அதற்கு முன்னர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடைப்பந்து அணியின் பழைய ரசிகர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தனக்குப் பிடித்த ஆட்டக்காரரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். இரண்டு நிமிடத்தோடு ஒருவரும் நிறுத்தவில்லை. எழுபதுகளில் ஆடிய இடக்கைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்த கிழவர், அந்த மனிதர் பந்தை எறியுமுன் காற்சட்டையில் கையைத் துடைக்கும் விதத்தை மூன்று தரம் செய்து காட்டினார். மூக்குக்கண்ணாடியை றப்பர் நாடாவால் தலையில் கட்டிக்கொண்டு ஆடிய பெண்ணைப் பற்றி ஓர் அம்மா சொன்னார்.

நான் அங்கே போனது மகனுக்காக. அவன் இந்த வருடம்தான் அணியில் சேர்ந்தான். ஆனால் அன்று சாதாரண உடுப்பில் என் பக்கத்தில் இருந்தான். ஓடும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதை அவன் பல நாட்களாக எங்களுக்கு மறைத்திருக்கிறான். கூட விளையாடும் பெடியன் ஒருவன் கண்டுபிடித்து, பயிற்றுநரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அந்தக் கோபத்தில் என் மகன் அவனோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை. நான் நிமிடத்துக்கொரு தரம் அவன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும், அவன் “சா வா, அம்மா”, ஒன்றுமில்லை என்று பிரெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுமாக நாங்கள் அங்கே இருந்தோம்.

அப்போது தொப்பி போட்ட ஒருவர் எழுந்து, பதினான்காம் இலக்கம் போட்டு ஆடியவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகனின் முழங்கையைத் தட்டி, இந்தப் பதினான்காம் இலக்கத்தை எனக்குத் தெரியும், சின்ன வயதில் என்னுடைய நண்பர், பிறகு அமெரிக்கா போய் விளையாடினவர் என்று சொன்னேன். அவருடைய ஜேர்சி சுவரில் உயரத்தில் தொங்குவதைக் கண்டபோதும், பெரிய ஆளாகிவிட்டார், அதுதான் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். தொப்பிக்காரர், பதினான்காம் இலக்கம் விழுந்த இடத்தைக் கையால் காட்டினார். அம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுன்னரே உயிர் போய்விட்டது என்றார். அதற்கு முன் அவருக்கு ஒரு சுகயீனமும் இருந்ததாக ஒருவருக்கும் தெரியாது, யாராவது ஒருவர் எதையாவது கண்டிருந்தால், என்று சொல்லிவிட்டு முடிக்காமல் இருந்துவிட்டார்.

கண்டது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் இதே நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் இரண்டு அறை வீடொன்றில் ஐந்து பேர் இருந்தோம். அம்மா தையல் தொழிற்சாலையிலும் அப்பா உணவகம் ஒன்றின் குசினியிலும் சனிக்கிழமையும் வேலை செய்தார்கள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விடலாம். என்னையும் சேர்த்து விட அந்த வீட்டில் இடமில்லை. எனவே சனிக்கிழமைகளில் நான் சித்தப்பாவோடு அவர் வேலைக்குப் போனேன். சித்தப்பா இந்த அரங்கில்தான் துப்புரவு வேலை செய்தார்.

செய்தார் என்று சொன்னாலும், பதிவேட்டில் அவர் அங்கே இல்லை. அவருடைய அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை, வேலை செய்யும் அனுமதியும் கிடைக்கவில்லை. அதனால் தெரிந்த ஒருவரின் அடையாள அட்டையில், அவருடைய பெயரில் வேலை பார்த்தார். எங்கள் ஆட்களில் அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் பலர். யாராவது கண்டுபிடித்தால் சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தார்கள்.

“கழுத்தில அடையாள மட்டை தொங்கவிட்ட ஆக்கள் ஆர் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. ஓமும் சொல்லாதை, இல்லையும் சொல்லாதை. விளங்கிச்சோ, பிள்ளை?”

அப்பா அதை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்கச் செய்தார். சித்தப்பா எதிரே நின்று அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். நான் தெரியாது, தெரியாது என்பேன். உன் பெயர் என்ன என்று கேட்டதற்கும் ஒரு தரம் தெரியாது என்று சொல்லி, அம்மாவைச் சிரிக்க வைத்தேன்.

பதினான்காம் இலக்கம் ஹெயிட்டியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. நல்ல உயரம். மற்ற ஆட்டக்காரர்கள் சித்தப்பாவின் துடைப்பத்தைத் தாண்டிப் போவார்கள். இவர் மட்டும் நின்று கைகொடுத்து, பெயர் கேட்டார். சித்தப்பா அட்டையில் இருந்த பெயரைச் சொன்னார். அன்று முதல் அவர் அந்தப் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு சனியும் வணக்கம் சொன்னார், அதற்குச் சித்தப்பா தன் சொந்தப் பெயருக்குக் காட்டாத உற்சாகத்தோடு பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து, அந்தப் பெடியனுக்குப் பொய் சொன்னதுதான் மனதுக்குள் உறுத்துது என்று அம்மாவிடம் சொல்வார். சித்தப்பாவுக்கு அவர்தான் விருப்பமான ஆட்டக்காரர். எனக்கும் அவர்தான். போகும்போது என் தலையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிவிட்டுப் போவார்.

அந்தச் சனிக்கிழமை முக்கியமான ஆட்டம். நான் கீழ்மாடியில், துடைப்பங்கள் வைக்கும் அறை வாசலில், கவிழ்த்து வைத்த வாளியின் மேல் இருந்து பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். பதினான்காம் இலக்கம் தனியாகப் படியிறங்கி வந்தார். நடைபாதையில் வேறு யாரும் இல்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கி நிலத்தில் இருந்தார். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் முகமெல்லாம் வியர்வை. ஒரு கையை விரித்து நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. நான் எழுந்து நின்றேன். அப்போதுதான் என்னைக் கண்டார். சிரிக்கப் பார்த்தார். பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

நானும் என் விரலை என் உதட்டில் வைத்தேன்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. மேலே ஆயிரம் பேர் அவருக்காகக் கத்திக்கொண்டிருக்க, அவர் தன் இரகசியத்தை என்னிடம் தந்திருந்தார். சற்று நேரத்தில் எழுந்து, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அவர் போன கையோடு ஒரு பெண் வந்தார். அணியினரின் காயங்களைப் பார்ப்பவர். கழுத்தில் மட்டை தொங்கியது. அவர் குனிந்து, பிரெஞ்சில், பதினான்காம் இலக்கம் இந்தப் பக்கம் வந்தாரா, நல்லாய் இருந்தாரா என்று கேட்டார். மட்டை என் கண்ணுக்கு நேரே ஆடியது. நான் தெரியாது என்றேன். ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். சுகயீனம் ஏதும் இருக்கிற மாதிரித் தெரிந்ததா, யோசித்துச் சொல்லம்மா என்பதுபோல என் தோளைத் தொட்டார். அதற்கும் தெரியாது. நீ யாருடைய பிள்ளை, இங்கே யாரோடு வந்தாய் என்று கடைசியாகக் கேட்டார். அதற்கும் அதேதான். அவர் நிமிர்ந்து, என்னையும் வாளியையும் பார்த்துவிட்டுப் போனார். நடைபாதையின் அந்த முனையில் சித்தப்பா வாளி வண்டியோடு அசையாமல் நின்றதை அதன்பிறகுதான் கண்டேன்.

இரண்டாம் பாதியில் அவர் விழுந்தார். ஒருவரும் அவரில் முட்டவில்லை. நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சனமும் ஒரேயடியாக எழுந்து நின்றது. அம்புலன்ஸ் வரும், கூடவே பொலிசும் வரும் என்று சித்தப்பா என் கையைப் பிடித்துப் பின்கதவால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜக்கெற்றைக்கூடத் தெருவில் வைத்துத்தான் போட்டுவிட்டார். பஸ் தரிப்பில் நிற்கும்போது கேட்டார்.

“அந்த மனுசிக்கு நீ என்ன சொன்னனீ?”

“தெரியாது எண்டு.”

“எல்லாத்துக்குமோ?”

“ஓம் சித்தப்பா. எல்லாத்துக்கும்.”

அவர் பெரிதாக மூச்சை விட்டு என் தலையைத் தடவினார். அந்தப் பெண் என்ன கேட்டார் என்று அவர் கேட்கவில்லை. வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. என் கெட்டித்தனத்தை அவர் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்ல, அம்மா பொரித்த மீனில் அப்பாவுக்கென்று வைக்கும் நடுத்துண்டை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அப்பாவே கோப்பையைத் தள்ளி என் பக்கம் விட்டார்.

அடுத்த சனி சித்தப்பா என்னைக் கூட்டிப் போகவில்லை. பதினான்காம் இலக்கம் சுகமாகிவிட்டாரா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, சுகமாகி அமெரிக்காவுக்கு விளையாடப் போய்விட்டார் என்றார். நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். பிறகு வேறு பள்ளி, வேறு வீடு, கலியாணம், பிள்ளைகள். சித்தப்பாவுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அந்தக் கதையைத் திருப்பி எடுத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் வரவில்லை.

கூட்டம் முடிந்து வந்து மூன்று நாள் பொறுத்து, சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது பக்கத்து ஊரான புரோசார்டில் மகளோடு இருக்கிறார். முழங்கால் வலி, பனி, பேரப்பிள்ளையின் பிரெஞ்சு என்று எல்லாம் கதைத்த பிறகு, அமெரிக்கா போனதாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீ சின்னப் பிள்ளை. அவனில நல்ல வாரப்பாடு, பாசம் உனக்கு. வேற என்னத்தைச் சொல்ல?” என்றார். பிறகு, பதினான்காம் இலக்கத்தின் சாவுவீட்டுக்குத் தான் போனதாகவும், பெயர் எழுதும் புத்தகத்தில் எந்தப் பெயரை எழுதுவதென்று தெரியாமல் எழுதாமலே திரும்பியதாகவும் சொன்னார்.

“அண்டைக்கு அந்த மனுசி என்ரை விசயத்தைத்தானே உன்னட்டைக் கேட்டவ? நீ வாய் திறந்திருந்தா நான் இண்டைக்கு இஞ்சை இல்லைப் பிள்ளை. நான் அதை இன்னும் மறக்கேல்லை.”

நான் சொல்லியிருந்தால் பதினான்காம் இலக்கம் பிழைத்திருப்பார் என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை நான் எனக்கே பல தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அடுத்த அறையில் என் மகன், காட்டிக்கொடுத்த அந்தப் பெடியனோடு தொலைபேசியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஓம் சித்தப்பா. உங்கடை விசயத்தைத்தான் கேட்டவ” என்றேன்.

ஒன்பது வயதில், அந்தச் சனிக்கிழமை இரவு, முள்ளைக்கூட அம்மா எடுத்துத் தர, வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்த நடுத்துண்டை ஆறுதலாகச் சாப்பிட்டேன். நான் சித்தப்பாவைக் காப்பாற்றியதற்காகத்தான் அவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள், நான் காப்பாற்றியது இரண்டு பேரை என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.