சவரியின் பேரைச் சொல்லி இறங்கியவர்களுக்கு

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் சங்கிலி பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் கம்பெனிப் பையன் டில்லி போனில் அழைத்தான். லாரியிலிருந்து தகடு இறக்கும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் போய் நின்று மறுபடி கேட்டேன்.

"வாத்தி, சவரி அண்ணன் பூட்டாரு. காலைல ஷேவ் பண்ணிகினு இருந்தவரு, அப்படியே குந்திட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி."

"யார் யாருக்குச் சொன்னே?" என்று கேட்டேன். ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டதாம். கூட வேலை பார்த்தவர் இறந்த செய்தியைக் கேட்ட அந்த நிமிடத்தில், செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது என்பதே எனக்கு முதலில் உறைத்தது. முப்பதாம் நாள் பூசைக்கு அச்சிடும் மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். இதை மறைத்தால் மேற்கொண்டு சொல்லப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

"நீங்கதான் படிச்சவரு. அவரப் பத்தி நாலு பக்கம் நல்லதா எழுதிக் குடுங்கண்ணே" என்று சவரியின் மனைவி ஜெசிந்தா கேட்டார். எழுதுகிறேன். நல்லதெல்லாம் அவரைப் பற்றியது. மற்றது என்னைப் பற்றியது.

ராயபுரத்தில் ஒரு சின்ன டைவிங் கம்பெனியில் நாங்கள் இருவரும் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தோம். கப்பலின் அடிப்பாகம் சுரண்டுவது, அறுந்து விழுந்த நங்கூரம் தேடுவது எல்லாம் உண்டு. ஆனால் கம்பெனிக்குப் பேர் வாங்கித் தந்தது, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்குக் கடல்நீர் கொண்டுவரும் சுரங்கக் குழாய்களுக்குள் போகிற வேலை. பம்பை நிறுத்திய பிறகு உள்ளே நீந்திப் போய், சிப்பியும் சேறும் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். ஆள் உயரக் குழாய். கடலில் பயந்துபோனால் மேலே வந்துவிடலாம். இங்கே தலைக்கு மேல் கான்கிரீட். வந்த வழியே திரும்பினால்தான் உண்டு. கால் சேற்றில் பட்டுவிட்டால் விளக்கு எரிந்தாலும் சொந்த விரல் தெரியாது. வெளிநாடுகளில் தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் ஆசைப்பட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு உள்ள ஆபத்து அத்தனையும் எங்களுக்கும் உண்டு, அழகு மட்டும் கிடையாது.

முதல் முறை குழாய்க்குள் போகிறவர்களுக்காகச் சவரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரோடு ஜோடி என்று முதலாளியோ மேஸ்திரியோ சொல்லக் கூடாது. புதிதாக வந்தவரே, குழாய் தொடங்கும் தொட்டியின் விளிம்பில் நின்று ஒரு பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்பட்டவர் மறுக்கக் கூடாது. முன்னால் போகிறவரின் முழங்கைக்கு மேல் கையை வைத்தபடி, வெளியே வரும்வரை எடுக்காமல் கூடவே போக வேண்டும்.

"உள்ள கண்ணு தெரியாம பூட்ச்சினா மனசுல ஒரு பேரு வரும் பாரு, அந்த ஆளு பக்கத்துல இருக்கணும். மேஸ்திரி எழுதிக் குட்த்த ஆளு இருந்து இன்னா பிரயோஜனம்?" என்பார்.

நீங்கள் எல்லோரும் அந்த விளிம்பில் நின்றவர்கள். எந்தப் பேரைச் சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் பேர் இரண்டு முறை சொல்லப்பட்டது. இரண்டும் சவரி காய்ச்சலில் படுத்திருந்த நாட்கள்.

நான் இயற்பியல் படித்தவன்; அதனால்தான் எனக்கு வாத்தி என்று பேர். வெளி மாநிலம் போய் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவன். சவரி எட்டாவதோடு நின்றவர். காசிமேட்டில் விசைப்படகுகளின் அடியில் சுழலும் காற்றாடியில் சிக்கிய வலையை அறுத்து அறுத்தே தொழில் கற்றவர். அவர் முகமூடியைக்கூட நல்ல தண்ணீரில் கழுவ மாட்டார். உப்புப் பூத்துக் கிடக்கும். நான்தான் கழுவி வைப்பேன். ஒரு வாரப் பத்திரிகையில் எங்கள் வேலையைப் பற்றி எழுதியபோது போட்ட படத்தில் சவரி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது. என் மகள் நீச்சல் கற்க என் கையை நம்பி ஒரு நாளும் மல்லாந்து படுத்ததில்லை. சவரியின் கையில் முதல் நாளே மிதந்தாள். "வாத்தி, உன் கை கணக்குப் போடுது. அது கொயந்தைக்குத் தெரிஞ்சி போவுது" என்று அவர் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முதலாளிக்குப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். குழாய்க்குள் இனி யாரும் ஜோடியாகப் போகக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் மட்டுமே போக வேண்டும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். இருவர் போனால் இரண்டு மடங்கு சேறு கிளம்புகிறது. ஒடுங்கிய இடத்தில் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். பயந்தவன் பக்கத்தில் இருப்பவனின் வாய்க்குழாயைப் பிடுங்குவான். இன்னொருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் தன் காற்று மீட்டரைப் பார்க்க மாட்டான். வெளிநாட்டுக் குகை டைவர்களில் ஒரு சாரார் இப்படித்தான் வாதிடுகிறார்கள். எதையும் நான் கற்பனையாக எழுதவில்லை. ஆனால் ஜோடியே இல்லை என்றாகிவிட்டால் விளிம்பில் நின்று யாரும் யார் பேரையும் சொல்ல வேண்டியிருக்காது. அதற்காகத்தான் எழுதினேன்.

முதலாளி அறையில் அதைப் படித்துத் தமிழில் விளக்கினேன். சவரி காலைத் தொங்கப்போட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தி சொல்றது எல்லாம் கரெக்டு. பத்து தபா போய் வந்தவனுக்குக் கரெக்டு. மொத தபா போறவனுக்கு மீட்டரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அவன் கையக் கால ஒதறிகினு நிப்பான். அவன ஒண்டியா உடலாமா?"

"பழகினால் வரும்" என்றேன்.

"பழகுறதுக்கு மின்ன செத்துப் பூட்டான்னா?" என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த வெள்ளக்காரன் புதுசா வர்றவனுக்கும் சேத்துதான் இப்படி எழுதிகிறானா?"

நான் படித்த ஒவ்வொன்றிலும் அதற்குப் பதில் இருந்தது. தனியாகப் போவது நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே. புதியவர்கள் எந்தக் காரணம் கொண்டும் தனியாகப் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. என் குறிப்பின் முதல் படியில் அந்த வாக்கியம் இருந்தது. திருத்தி எழுதும்போது நான் அதை எடுத்துவிட்டேன்.

"ஆமாம். எல்லோருக்கும் சேர்த்துத்தான்" என்றேன்.

சவரி ஜன்னலிலிருந்து இறங்கினார். "அப்ப சரி. நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். முதலாளி விதியில் கையெழுத்துப் போட்டார்.

விதிப்படி முதலில் இறங்கியவன் டில்லி. குழாய்க்குள் போவது அவனுக்கு அதுதான் முதல் முறை. திருவொற்றியூர்க்காரன்; கல்யாணமாகி ஆறு மாதம். எண்ணூரில் ஓர் ஆலையின் குழாய். மற்றவர்கள் செய்யக் கண்டபடி தொட்டியின் விளிம்பில் நின்று, "சவரி அண்..." என்று ஆரம்பித்தான்.

"பேரெல்லாம் வேண்டாம். தனியாகத்தான்" என்றேன்.

டில்லி சவரியைப் பார்த்தான். "வாத்தி சொல்றாரு இல்ல? உஷாரா போய்ட்டு வா நைனா" என்று சவரி ஒதுங்கிப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

கயிறு என் கையில். நான் ஒரு முறை இழுத்தால் நலமா என்று அர்த்தம். உள்ளேயிருந்து ஒரு முறை இழுத்தால் நலம். இழுத்தேன். பதில் வந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை இழுத்தேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. திரும்பி வர வேண்டிய நேரம் தாண்டியபோதும் வந்தது.

"இன்னா வாத்தி, இத்தினி நேரம்?"

"பதில் வருதே."

சவரி எழுந்து வந்து கயிற்றை என்னிடமிருந்து வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்திருந்தார். "இது ஆளு இல்ல வாத்தி. தண்ணி ஆட்டுது" என்றார். கயிறு எங்கோ சிப்பியில் சிக்கியிருந்தது. கடல் ஏறி இறங்குவதைத்தான் நான் டில்லியின் கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விதிப்படி அவசரத்துக்கு இறங்க வேண்டியவன் நான். சிலிண்டர் எனக்காகத்தான் வைக்கப்பட்டிருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அதை மாட்டிக்கொண்டு சவரி தண்ணீருக்குள் போய்விட்டார்.

உள்ளே நடந்ததைப் பிறகு டில்லி சொன்னான். சிக்கிய கயிற்றை விடுவிக்கப் பார்த்ததில் சேறு கிளம்பியது. விளக்கு கைநழுவியது. பயத்தில் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வெளியே வருவதாக நினைத்து இன்னும் உள்ளே போயிருக்கிறான். கயிறு முடிந்த இடத்துக்கு அப்பால் சவரி வலப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். "பயந்தவன் சோத்துக்கை பக்கமாத்தான் சுவத்தப் புடிச்சிகினு போவான்" என்று அதற்கு அவர் காரணம் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

இருவரும் தொட்டிக்குள் வந்தபோது சவரியின் கை டில்லியின் முழங்கைக்கு மேல் இருந்தது. டில்லி வாந்தி எடுத்தான். அவன் முதுகைத் தட்டியபடி, "இன்னாடா, எண்ணூர்ல எறங்கி மாமல்லபுரத்துல ஏறலாம்னு பாத்தியா?" என்றார் சவரி. அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

முதலாளி ஓடி வந்தார். யார் கயிறு பிடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரி சொன்னார்: "வாத்திதான் கயிறு ஒரு மாதிரி கீதுன்னு மொதல்ல கண்டுபுடிச்சாரு. இல்லன்னா இவன் காலி."

நான் மறுக்கவில்லை. டில்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவன் மனைவியோடு என் வீட்டுக்கு வருகிறான், பிரியாணி கொண்டுவருகிறான். நானும் சாப்பிட்டிருக்கிறேன். இத்தனை பேரில் என்னுடைய ஆள் என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் டில்லி. அவனையும் சவரிதான் எனக்குக் கொடுத்தார். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

அன்று பஸ்ஸில் சவரி என் பக்கத்தில் உட்கார்ந்துவந்தார். திருவொற்றியூர் தாண்டியதும், "வாத்தி, அந்த வெள்ளக்காரனுக்கு ஒரு லெட்டர் போடு. புதுசா வர்றவன ஒண்டியா அனுப்பக் கூடாதுனு எழுது. பாவம், அவனுக்குத் தெரியல" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே பழையபடி ஜோடியாக இறங்கினார்கள். விதி ஃபைலுக்குள் போய்விட்டது.

சவரியைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது, இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் முதலாளியின் மகன் என் கூட நடந்துவந்தார். "அங்கிள், சவரி அண்ணன் மாதிரி ஜோடி போறதுக்கு இனிமே ஆள் கிடையாது. அடுத்த மாசம் மூணு புதுப் பசங்க எறங்கணும். ஃபைல்ல உங்க பழைய நோட் பார்த்தேன், சூப்பரா எழுதியிருக்கீங்க. அதையே மறுபடி ரூலாக்கிடலாம்" என்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாராட்டுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன்! இப்போதும் ஒரு கணம் இனித்தது. அந்தக் கணத்துக்குப் பயந்துதான் இதைத் தனியாக அவரிடம் சொல்லாமல், உங்கள் எல்லோர் கையிலும் போய்ச் சேரும் மலரில் எழுதுகிறேன். தனியாகச் சொன்னால் நான் மழுப்பிவிடுவேன்.

முதலாளியின் மகனுக்கு: அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். புதியவர்கள் மூவரும் தனியாக இறங்கக் கூடாது. இன்னொருவரின் கை முழங்கையில் இருக்க வேண்டும், அந்த ஒருவர் யார் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். டில்லிக்கு: கயிற்றில் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. உன்னைத் தனியாக உள்ளே அனுப்பியது நான் சொன்ன பொய். இந்த ஆண்டு நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கு: நான்கு பக்கமும் நல்லதாக எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும் தங்கச்சி.

பொறாமை சவரியோடு மண்ணுக்குள் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஊர்வலத்தின் நீளத்தைத் திரும்பிப் பார்த்தபோதுகூட வயிறு எரிந்தது. நீங்கள் ஒவ்வொருவரும் அவரை நம்பி இறங்கினீர்கள். அவர் உங்களைக் கரை சேர்த்தார். அது உங்களுக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு. தான் கற்ற அத்தனையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், என் ஒரு வார்த்தைக்காக அவர் ஒதுங்கிப் போய் வாளியில் உட்கார்ந்தார். நீங்கள் அவரை நம்பினீர்கள். அவர் என்னை நம்பினார். அதற்கு நான் தகுதியில்லாதவன். ஆனாலும் அது எனக்குத்தான் கிடைத்தது, உங்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.